பொதிகைக்கு வந்த பெரிய மனிதர்கள்

கைலாயத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சிவன், பெண் பார்வதி. தேவர்கள், அசுரர்கள், முனிவர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், அந்தச் சொந்தக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று மூன்று உலகமும் வடக்கே கூடிவிட்டது. பந்தியில் இலை போதவில்லை என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். இங்கே பூமியே வடக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. சிவன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அதிலேயே ஆகக் குள்ளமான ஆளைக் கூப்பிட்டு, நீர் தெற்கே போய் நில்லும், எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

அகத்தியரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கையில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். அதுவும் உலக நன்மை கருதி! எல்லா டிரான்ஸ்ஃபர் ஆர்டரிலும் இருக்கிற அதே வாசகம். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த சிவன், திருமணக் கோலத்தை நீர் இருக்கும் இடத்துக்கே வந்து காட்டுகிறேன் என்று சமாதானம் சொன்னார். அப்படியே பொதிகை அடிவாரத்தில் பாபநாசத்தில் காட்டவும் செய்தார் என்பது தலபுராணம். உலகத்தின் முதல் லைவ் டெலிகாஸ்ட் அது. சாப்பாடுதான் வரவில்லை.

தெற்கே வரும் வழியில் விந்திய மலை குறுக்கே நின்றது. நான் திரும்பி வரும்வரை குனிந்தே இரு என்றார் முனிவர். விந்தியமும் பெரியவர் சொன்னாரே என்று குனிந்தது. முனிவர் திரும்பவே இல்லை. ‘இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இவர்தான் ஆதிகுரு.

அவர் வந்து உட்கார்ந்த மலைதான் பொதிகை. திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரம் தாண்டி, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் என்று போனால் எதிரே நிற்கும். (தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசம் வேறு. இது கமல் படத்துப் பாபநாசம்.) அகத்தியருக்குப் பிறகு இந்த மலைக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் மலையை வைத்து ஏதாவது செய்துவிட வேண்டும் என்றுதான் வந்தார்கள். கடைசியில் மலைதான் அவர்களை வைத்துச் செய்து அனுப்பியிருக்கிறது.

உதாரணத்துக்கு ஜான் ஆலன் புரூன். ஸ்காட்லாந்துக்காரர். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு டைரக்டராக 1852-இல் திருவனந்தபுரம் வந்தார். காந்த ஊசி ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு அசைகிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. சிலருக்குக் காதல், சிலருக்குக் கள், இவருக்குக் காந்த ஊசி. கீழே திருவனந்தபுரத்தில் ஊசி இப்படி ஆடுகிறதே, உயரத்தில் எப்படி ஆடும் என்று ஒருநாள் சந்தேகம் வந்தது. நமக்கு வந்திருந்தால் தூங்கி எழுந்திருப்போம். அவர் அண்ணாந்து பார்த்தார். பொதிகையின் உச்சியான அகத்தியமலை தெரிந்தது.

சிகரம் 1,868 மீட்டர். ரோடு கிடையாது. யானை உண்டு, புலி உண்டு, அட்டை தாராளமாக உண்டு. தென்மேற்குப் பருவமழை ஒரு பக்கம் அடிக்கும். அது ஓய்ந்தால் வடகிழக்குப் பருவமழை மறுபக்கம் அடிக்கும். முனிவர் இன்னும் அங்கேதான் தவத்தில் இருக்கிறார் என்று இரண்டு பக்கத்து ஜனங்களும் நம்புகிற உச்சி. ஹவுஸ் ஓனரைக் கேட்காமல் மொட்டை மாடியில் ரூம் போடுகிற மாதிரி, 1855-இல் அங்கே ஓர் ஆய்வகத்தைக் கட்டிவிட்டார் புரூன்.

கட்டியது புரூன் என்றால், சுமந்தது யார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. வரலாற்றில் அந்தக் கேள்விக்கு இடம் விடுவதில்லை. மூச்சு விட்டாலே ஆடுகிற நாசூக்கான கருவிகளை, தலையில் வைத்து, வழுக்குப் பாறையில் ஏற்றி, உச்சியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள் நம்மவர்கள். எதற்கு? ஒரு ஊசி ஆடுகிறதா என்று பார்க்க. அவர்கள் தங்களுக்குள் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்; அச்சில் போட முடியாது.

ஆனாலும் மனுஷன் விடாக்கண்டன். 1865-இல் ஊருக்குப் போனவர், இங்கே எடுத்த கணக்கையெல்லாம் அங்கே உட்கார்ந்து கூட்டிக் கழித்து, 1874-இல் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார். தலைப்பிலேயே திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் அகத்தியமலையும் உண்டு. காந்தவியல் உலகம் அவரை இன்றும் மரியாதையாக நினைக்கிறது. சிகரத்தில் அவருடைய ஆய்வகம் இல்லை. அகத்தியர் சிலைதான் இருக்கிறது. பேப்பர் பப்ளிஷ் பண்ணியவருக்கு இடம் இல்லை. எழுதிய இலக்கண நூலையே தொலைத்துவிட்ட முனிவருக்குப் பூஜை நடக்கிறது.

அடுத்து வந்தவர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் யாராவது வீட்டில் இருந்தார்களா என்பதே சந்தேகம். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்று அண்ணன் தம்பி. இவர்களுக்குக் காந்த ஊசியில் ஆர்வம் இல்லை, நூலில்தான் ஆர்வம். கரிசல் காட்டில் பருத்தி விளைகிறது. தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது. நெசவாளர்களுக்கு நூல் வேண்டும். குறைச்சல் ஒன்றே ஒன்று: மில்லை ஓட்ட நிலக்கரி. அதைக் கப்பலில் வரவழைத்தால் லாபம் புகையாகப் போய்விடும்.

தாமிரபரணியோ பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும்போது அருவியாகக் கொட்டுகிறது. ஜனங்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹார்வி சகோதரர்கள் பார்த்தார்கள், குதிரைத்திறன் கணக்குப் போட்டார்கள். 1885 வாக்கில் விக்கிரமசிங்கபுரத்தில் ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் ஓடுகிற திருநெல்வேலி மில் எழுந்தது. அகத்தியரின் ஆறு ஷிஃப்ட் டியூட்டிக்குப் போக ஆரம்பித்தது.

இன்றைக்கு ஹைட்ரோ, க்ரீன் எனர்ஜி, சஸ்டெயினபிள் என்று ஸ்லைடு போடுகிறவர்கள் ஒருநாள் விக்கிரமசிங்கபுரம் போய்ப் பார்க்க வேண்டும். சுற்றுச்சூழலை நினைத்தெல்லாம் யாரும் செய்யவில்லை. கரி வாங்கக் காசு கொடுக்க மனசில்லாமல் செய்தது. கஞ்சத்தனத்துக்குப் பூமித்தாய் இவ்வளவு கடன்பட்டிருக்கிறாள்!

பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரை மில் என்று ஹார்விகள் பெருகினார்கள். மதுரைப் பக்கம் ஹார்விபட்டி என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்துக்கொள்கிற அளவுக்குப் பெருகினார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, 1908 பிப்ரவரியில் கோரல் மில் வாசலுக்கு ஒரு வக்கீல் வந்தார். ஏற்கெனவே வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த வ.உ.சி. கூடவே சுப்பிரமணிய சிவா. அவ்வளவுதான், மில் நின்றது.

கேட்டது ஒன்றும் பெரிதில்லை. கூலியில் கொஞ்சம் உயர்வு, வேலை நேரத்தில் கொஞ்சம் குறைவு, வாரத்தில் ஒருநாள் லீவு. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாவிட்டால் ஊரே திட்டும். இங்கே ஞாயிறு லீவு கேட்டால் மில் முதலாளி திகைக்கிறார். தூத்துக்குடி ஊரே தொழிலாளி பக்கம் நின்றது. சவரம் செய்துகொண்டிருந்த ஒரு வக்கீல் தொழிலாளிகளுக்கு எதிராக ஏதோ சொல்ல, நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டாராம். சுதந்திரப் போராட்டத்தில் ரத்தம் சிந்தியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரு கன்னம் வழுவழு, ஒரு கன்னம் நுரை என்று வீட்டுக்கு நடந்த அந்த வக்கீலுக்கு ஒரு சிலை வைத்தால் என்ன? மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஞாயிறு லீவும் வந்தது. அடுத்த வாரமே வ.உ.சி. ஜெயிலுக்குப் போனார். மற்றவர்களுக்கு லீவு வாங்கிக் கொடுத்தவருக்குக் கிடைத்தது செக்கு.

இனி வருவதுதான் இந்த மலையின் மெயின் பிக்சர். ஹீரோ, சிங்கம்பட்டி ஜமீன்.

பொதிகைச் சரிவில் சுமார் 74,000 ஏக்கர் காடு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவுக்கு எட்டு வீட்டுப் பிள்ளைமாரோடு தகராறு வந்த காலத்தில் சிங்கம்பட்டியார் ஆள் அனுப்பி உதவினார்கள், அதற்கு நன்றியாக ராஜா காட்டைக் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. கவனித்தீர்களா? கொடுத்தது வயல் இல்லை, தோப்பு இல்லை. புலியும் யானையும் மழையும் இருக்கிற காடு. வரி வசூல் பண்ண வேண்டுமென்றால் கருங்குரங்கிடம்தான் போக வேண்டும். சம்பளத்துக்குப் பதிலாக ஷேர் தருகிறோம் என்று சொல்கிற ஸ்டார்ட்அப் முதலாளிகளின் மூளை மார்த்தாண்ட வர்மாவுக்கு அப்போதே இருந்தது.

அந்த ஷேருக்கு மார்க்கெட் வர இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. வந்தது தேயிலையால். தேயிலைக்குக் காரணம் ஒரு துப்பாக்கிக் குண்டு.

ஜமீன்தார் இறந்து வாரிசு மைனராக இருந்தால், வெள்ளைக்கார சர்க்கார் ஜமீனை நிர்வாகம் பண்ணும். பையனையும் தானே எடுத்து வளர்க்கும். அப்படிப்பட்ட குட்டி ஜமீன்தார்களை ஜென்டில்மேன் ஆக்குவதற்குச் சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்று ஒரு விடுதிப் பள்ளி. பிரின்ஸிபல், கிளெமென்ட் டி லா ஹே. 1919 அக்டோபரில் ஒரு ராத்திரி, தூக்கத்தில் இருந்த அவரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சந்தேகம் மாணவர்கள் மேல் விழுந்தது. ஒருவர் கடம்பூர் வாரிசு, இன்னொருவர் சிங்கம்பட்டி வாரிசு. சிங்கம்பட்டியார் அப்ரூவர் ஆனார். கேஸ் பம்பாய் ஹைகோர்ட் வரை போனது. கடைசியில் கடம்பூரார் விடுதலை.

கொலையில் சிரிக்க ஒன்றும் இல்லை. சிரிப்பு பில்லில் இருக்கிறது. பம்பாய் வரை போன வழக்கு, பெரிய பெரிய பாரிஸ்டர்கள், அவர்களுக்கு முதல் வகுப்பு, அவர்களுடைய குமாஸ்தாக்களுக்கு அடுத்த வகுப்பு. இந்தக் கேஸில்தான் ஜமீன் கடனில் மூழ்கியது என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். அப்ரூவராக மாறியவருக்கே இப்படி என்றால், எதிர்த்து நின்றவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. துப்பாக்கி ஒருமுறைதான் சுட்டது. வக்கீல் பில் வருஷக்கணக்கில் சுட்டது.

கடனை அடைக்க என்ன வழி என்று ஜமீன் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கம்பெனி வந்து நின்றது. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். ஆரம்பித்தவர்கள் வாலஸ் சகோதரர்கள். ஆமாம், ஸ்காட்லாந்து.

இந்தக் கம்பெனியின் பயோடேட்டாவை ஜமீனில் யாராவது வாசித்துப் பார்த்திருந்தால் கொஞ்சம் வியர்த்திருக்கும். பர்மாவில் தேக்கு வெட்டுகிற கம்பெனி இது. வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று பர்மா ராஜா திபாவின் தர்பார் பெரிய அபராதம் போட்டது. மற்ற கம்பெனியாக இருந்தால் அப்பீல் போகும். இவர்கள் பிரிட்டிஷ் படையைக் கூட்டிவந்தார்கள். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, பிரெஞ்சுக்காரர் பயம் உட்பட. ஆனால் சாக்கு இந்த அபராதம்தான். 1885 நவம்பரில் இரண்டே வாரத்தில் யுத்தம் முடிந்து, ராஜாவையும் ராணியையும் நாடு கடத்தி, முதலில் மதராஸ், பிறகு ரத்னகிரி என்று கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பார்க்கிங் ஃபைன் போட்ட டிராஃபிக் கான்ஸ்டபிளைக் குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பியதற்குச் சமம்.

ஒரு ராஜாவை ஏற்கெனவே சாப்பிட்டு ஜீரணித்த கம்பெனி. ஜமீன்தாரிடம் மட்டும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டது. 1929-இல் குத்தகைப் பத்திரம் எழுதியாயிற்று: சுமார் 8,373 ஏக்கர், 99 வருஷம். எழுதினவர், எழுதி வாங்கினவர், சாட்சி போட்டவர் யாரும் கெடு முடியும்போது இருக்கப் போவதில்லை. அந்த நிம்மதிக்காகத்தான் 99 என்கிற எண்ணையே கண்டுபிடித்திருப்பார்கள் போல.

அந்தக் குத்தகைக் காட்டில் எழுந்த ஊர்கள்: மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ஐப்பசி, கார்த்திகையில் மழைக் கணக்குப் போடுகிற வெதர்மேன்களின் பதிவுகளில் இந்தப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். எப்போதும் முதல் ரேங்க்தான். அந்த மழையில் நனைந்துகொண்டு சோலையை வெட்டித் தேயிலை நட்டவர்கள் கீழே இருந்து ஏற்றப்பட்ட ஏழை ஜனங்கள். அவர்கள் கதையில் விளையாட எனக்கு மனசு வரவில்லை. 1999 ஜூலை 23-ஆம் தேதி, அவர்களுக்காகத் திருநெல்வேலியில் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, 17 பேர் தாமிரபரணியில் உயிர்விட்டார்கள். குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இலேயே கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு, நாலு தலைமுறையாக மலையில் இருந்தவர்களைக் கீழே இறங்கச் சொன்னது. பத்திரத்தில் ஏக்கர் கணக்கு துல்லியமாக இருந்தது. ஆள் கணக்குக்குக் கட்டமே போடவில்லை.

இதே கம்பெனி இன்றைக்கு பிரிட்டானியா பிஸ்கட்டையும் கையில் வைத்திருக்கிற வாடியா குழுமத்துக் கம்பெனி என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். டீயும் அவர்களே, தொட்டுச் சாப்பிடுவதும் அவர்களே.

மிச்சமிருந்த காடு என்ன ஆனது? ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1952-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் அந்தக் காட்டில் புலி இருப்பது சர்க்காருக்கு ஞாபகம் வந்தது. 1962-இல் முண்டந்துறை சரணாலயம், 1976-இல் களக்காடு சரணாலயம், 1988-இல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சுமார் 895 சதுர கிலோமீட்டர். பெயர்ப் பலகையில் புலி கம்பீரமாக இருக்கும். உள்ளே போனவர்கள் பார்த்துவிட்டு வருவது பெரும்பாலும் குரங்கு. புலி இவர்களைப் பார்த்திருக்கும், அதில் சந்தேகமில்லை.

புலியை விடுங்கள், ராஜா கிடைப்பார். சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி சின்னக் குழந்தையாக இருந்தபோதே பட்டம் கட்டிக்கொண்டவர். விவரம் தெரிந்து ஆளலாம் என்று நிமிர்ந்தபோது ஆளுவதற்கு ஜமீன் இல்லை. அதற்காக அவர் பதவியை விட்டுவிடவில்லை. காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து ஐயனார் கோயிலில் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில், தலைப்பாகையோடு உட்கார்ந்து ஜனங்களுக்குத் தரிசனம் கொடுத்தார். 2020-இல் காலமாகும்வரை அப்படித்தான். வரி கேட்காத, சட்டம் போடாத, மேடை ஏறிப் பேசாத ராஜா. இப்படி ஒருவர் தேர்தலில் நின்றிருந்தால் நானே ஓட்டுப் போட்டிருப்பேன்.

ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கும். வனத்துறை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் துழாவும். இன்னொரு பக்கம், பாவம் தொலைய வேண்டும் என்று பாபநாசத்தில் முங்கி எழுந்து, உடுத்தின துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் வருஷம் பூராவும் உண்டு. துணியை அள்ளி மாளவில்லை. பாவம் மட்டும் தடையில்லாமல் ஓடித் திருநெல்வேலிக்காரர்களின் குடிதண்ணீர்க் குழாய்க்குப் போய்ச் சேர்கிறது.

சொரிமுத்து ஐயனார் கோயிலில் மணி விழுங்கி மரம் என்று ஓர் இலுப்பை மரம் இருக்கிறது. பக்தர்கள் நேர்ந்துகொண்டு அடிமரத்தில் மணிகளைக் கட்டுவார்கள். மரம் வளர வளர மணியைப் பட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிற ஒரே ஆவணக் காப்பகம். கேட்டால் திருப்பித் தராது என்பதிலும் ஆவணக் காப்பகம்தான்.

இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு நடுவே இந்தக் கோயிலில் நிஜமாகவே கூட்டம் அலைமோதுகிற சன்னதி பட்டவராயனுடையது. முத்துப்பட்டன் என்று கதைப்பாடல்களில் வருகிறவர். பிராமணப் பையன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு சகோதரிகளைப் பார்த்து மயங்கி விழுந்தார். அவர்கள் செருப்புத் தைக்கிற குலம். பெண்களின் அப்பா, காதலை எல்லாம் கேட்டுவிட்டு, தோல் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக்கொண்டு வா, பிறகு பேசுவோம் என்றார். இந்த மலைக்கு வந்தவர்களிலேயே ஸ்கில் டெஸ்ட் வைக்கப்பட்டவர் இவர் ஒருவர்தான். பாஸும் ஆனார்: பூணூலையும் குடுமியையும் துறந்து, உட்கார்ந்து செருப்புத் தைத்தார், கல்யாணம் முடித்தார். பிறகு மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தும் போனார்.

அவருக்குக் காணிக்கை, தோல் செருப்பு. பக்தர்கள் புதிதாகத் தைத்துக்கொண்டுவந்து சன்னதியில் கட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும்; அடிப்பாகத்தில் மண்ணும் ஒட்டியிருக்கும் என்கிறார்கள். ராத்திரியில் பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறாராம். சைஸ் என்ன என்று யாரும் கேட்டுத் தைப்பதில்லை. இதுவரை ஒரு ஜோடிகூட ரிட்டர்ன் வந்ததில்லை.